மக்ஷேன் வேத வாசிப்பு அட்டவணை: ஒரு வருடம் வாசித்து முடித்த பிறகு

வருடக் கடைசி வந்தால் சபைகளில் வேத வாசிப்பு அட்டவணை கொடுப்பார்கள். ஆதியாகமத்தில் தொடங்கி நேராகப் போவது, காலவரிசைப்படி போவது, வாரநாளில் மூன்று அதிகாரம் ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று கணக்குப் போட்டது, இப்படிப் பல வகை உண்டு. நான் ஒரு முழு வருடம் வாசித்து முடித்து, இப்போது மறுபடியும் முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருப்பது ராபர்ட் மர்ரே மக்ஷேன் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் 1842 கடைசியில் தன் சபையாருக்காகப் போட்டுக்கொடுத்த அட்டவணை. தைரியம் வேண்டும், விசுவாசம் பலப்பட வேண்டும் என்பதற்காகத் தினமும் வேதம் வாசிக்க நினைக்கிறவர்களுக்கு, நான் பார்த்தவற்றில் இதுதான் சிறந்தது. குறைகளும் இருக்கின்றன, அதையும் சொல்கிறேன்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு தேதிக்கும் நாலு பத்தி. முதல் இரண்டும் குடும்ப ஜெபத்துக்கு, அடுத்த இரண்டும் தனி ஜெபத்துக்கு. ஒவ்வொரு பத்தியிலும் பெரும்பாலும் ஒரு அதிகாரம்தான் இருக்கும், சின்ன அதிகாரங்கள் என்றால் இரண்டு மூன்று சேர்ந்து வரும். ஆதியாகமம் முதல் 2 நாளாகமம் வரை ஒரு பத்தியில் ஓடும். எஸ்றா முதல் மல்கியா வரை, சங்கீதத்தை மட்டும் விட்டுவிட்டு, இன்னொரு பத்தியில் ஓடும். புதிய ஏற்பாடும் சங்கீதமும் மற்ற இரண்டு பத்திகளில் மாறி மாறி வரும். வருட முடிவில் பழைய ஏற்பாடு ஒரு தடவையும் புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவையும் வாசித்திருப்போம். ஜனவரி 1 அன்று ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1. உலகத்தின் தொடக்கம், இயேசுவின் பிறப்பு, சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களின் தொடக்கம், சபையின் தொடக்கம். இந்த நாலையும் ஒன்றாக வைத்த அந்த மனிதரின் மனசு முதல் நாளே எனக்குப் பிடித்துப்போயிற்று.

விலை ஒன்றும் இல்லை. பழைய அட்டவணை என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்களோடு இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது புத்தகப் பெயரும் அதிகார எண்ணும்தானே. எங்கள் வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் உட்கார்ந்து தமிழில் டைப் செய்து கொடுத்தான், ஏ4 தாளில் முன்னும் பின்னும் அடித்துப் பைபிளுக்குள் மடித்து வைத்திருக்கிறோம். யூவெர்ஷன் ஆப்பிலும் இந்தத் திட்டம் இருக்கிறது, தமிழ்ப் பதிப்பைத் தேர்ந்துகொண்டால் அன்றைய பகுதி தமிழிலேயே திறக்கும். ஆனால் நாலு இடம் புரட்டிப் புரட்டி வாசிப்பதற்கு எனக்குக் காகிதப் பைபிள்தான் சரிப்படுகிறது. நாலு நாடா போட்டுக்கொள்ளுங்கள். அத்தைக்காகப் பெரிய எழுத்துப் பைபிள் ஒன்று வாங்கினோம், கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரியாமல் கஷ்டப்பட்டவர்கள், இப்போது வாரத்தில் இரண்டு நாள் அவர்களே சத்தமாக வாசிக்கிறார்கள்.

இந்த அட்டவணையின் பலம், நாலு பகுதிகளும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பதுதான். ஜனவரி 8ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் 8, வெள்ளம் வடிகிறது, ஆனால் நோவா உடனே வெளியே வரவில்லை, புறாவை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறான். மத்தேயு 8, கடலில் பெருங்காற்று, படகில் சீஷர்கள் அலறுகிறார்கள், இயேசு "அற்பவிசுவாசிகளே! ஏன் பயப்படுகிறீர்கள்" என்கிறார். எஸ்றா 8, அகாவா நதியண்டையில் எஸ்றா நிற்கிறான். வழியெல்லாம் சத்துருக்கள், கூடவே குழந்தைகள், பொன்னும் வெள்ளியும் வேறு. ராஜாவிடம் குதிரைவீரர்களைக் கேட்டிருக்கலாம். ஆனால் தேவன் எங்களைக் காப்பார் என்று ராஜாவிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று, இப்போது போய்க் காவலுக்கு ஆள் கேட்க வெட்கமாக இருந்தது என்று அவனே எழுதுகிறான். அதனால் உபவாசம் இருந்து ஜெபித்துவிட்டுக் கிளம்புகிறான். அப்போஸ்தலர் 8, எருசலேமிலிருந்து துரத்தப்பட்டுச் சிதறினவர்கள் போன இடமெல்லாம் பிரசங்கம் பண்ணுகிறார்கள். நாலு பேருக்கும் நாலு விதமான பயம், நாலு பேரும் நாலு விதமாக அதைக் கடக்கிறார்கள். தைரியம் என்றால் ஒரே மாதிரிதான் இருக்கும், நெஞ்சை நிமிர்த்தி நிற்பதுதான் என்று நினைத்துக்கொண்டு, அது எனக்கு வராது என்று ஒதுங்கியிருப்பவர்களுக்கு இந்த ஒரு நாள் வாசிப்பே பெரிய உதவி. நோவாவுடையது காத்திருக்கிற தைரியம். எஸ்றாவுடையது, சொன்ன சொல்லுக்காகக் கை நடுங்க நடுங்கக் கிளம்புகிற தைரியம்.

அப்புறம் ஜனவரி 27. இதை நான் யாருக்குச் சொன்னாலும் உடனே பைபிளை எடுத்துப் பார்ப்பார்கள். ஆதியாகமம் 28இல் வீட்டை விட்டு ஓடிப்போகும் யாக்கோபு கல்லைத் தலைக்கு வைத்துப் படுக்கிறான். மத்தேயு 27 சிலுவை. எஸ்தர் 4இல், தன் ஜனத்துக்காக ராஜாவிடம் அழைக்காமலே போகத் துணிந்து, "நான் செத்தாலும் சாகிறேன்" என்று எஸ்தர் சொல்லி அனுப்புகிறாள். அப்போஸ்தலர் 27இல் பவுல் போகும் கப்பல் பதினாலு நாள் புயலில் அலைக்கழிகிறது, கப்பலில் 276 பேர். "திடமனதாயிருங்கள்" என்று பவுல் எல்லாருக்கும் சொல்கிறார். அன்றைக்கு அத்தை ஒன்று கேட்டார்கள்: "பயப்படாதேன்னு தேவதூதன் வந்து சொல்லணும்னா, பவுலும் பயந்துபோய்த்தானே இருந்திருக்கார்?" நான் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்ட அதிகாரம் அது, இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. பயந்திருந்த ஒரு மனிதர், பயத்தோடேயே எழுந்து நின்று, மற்றவர்களுக்கு அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடச் சொல்கிறார். அன்று குடும்ப ஜெபம் முடியவே நேரமாகிவிட்டது. பிள்ளைகளிடம் கேள்வி கேட்கப் பெற்றோருக்கு இந்த அட்டவணை உதவும் என்று மக்ஷேன் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் கேள்வி கேட்பது மகனின் பாட்டியான அத்தைதான்.

பிப்ரவரி 2ம் அப்படித்தான். யோபு 1, ரோமர் 5, மாற்கு 5. ஒரே நாளில் எல்லாப் பிள்ளைகளையும் இழந்து "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொல்லும் ஒரு தகப்பன். மகள் சாகக் கிடக்கிறாள் என்று ஓடிவந்து, பாதி வழியில் அவள் இறந்த செய்தி கேட்டு நிற்கும் இன்னொரு தகப்பன். அவனிடம் "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு" என்கிறார் இயேசு. யவீருவின் மகள் எழுந்து உட்கார்கிறாள், யோபுவின் அந்தப் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. இரண்டையும் ஒரே காலையில் வாசித்துவிட்டு, விசுவாசித்தால் கேட்டது கிடைக்கும் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. பவுல் அங்கே ரோமர் 5இல் உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும், பொறுமை பரீட்சையை, பரீட்சை நம்பிக்கையை என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போகிறார். இந்த மூன்றையும் சேர்த்து வைத்தது அட்டவணை போட்டவரின் திட்டமா, அல்லது கணக்கு அப்படி விழுந்ததா என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எனக்கு அது ஆகாரமாக இருந்தது.

இந்த மக்ஷேனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1813இல் எடின்பரோவில் பிறந்தவர், 1836இல் டண்டீ நகரத்தின் பரிசுத்த பேதுரு ஆலயத்துக்குப் போதகரானார். உடம்பு அடிக்கடி படுத்தியெடுத்த ஆள். 1842 டிசம்பர் 30ஆம் தேதி போட்டுச் சபையாருக்கு ஒரு கடிதம் எழுதி அதோடு இந்த அட்டவணையைக் கொடுத்தார். 1843 மார்ச் 25இல் விஷக்காய்ச்சல் கண்டு இறந்துபோனார். வயது 29. ஆட்கள் நோயில் கிடந்த வீடுகளுக்குப் போய் வந்ததில் தொற்றியது. அதாவது தான் போட்ட அட்டவணையின் முதல் வருடத்தில் மூன்று மாதம்கூட அவர் முழுதாக முடிக்கவில்லை. இது தெரிந்த பிறகு ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் அந்தத் தாளைப் பார்க்கும்போது எனக்குள் ஏதோ ஆகிறது. வாசித்ததைத் தன் கால்களாலே நோயாளிகளின் வீட்டுக்குக் கொண்டுபோன மனிதர் போட்டது இது.

அந்தக் கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நன்மைகளைச் சொல்லும் முன்பே அவர் ஆபத்துகளைச் சொல்கிறார். வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம், அன்றைய பகுதியை முடித்துவிட்டோம் என்ற சுயநீதி வரலாம், அவசர அவசரமாக வாசித்துவிடலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். தான் கொடுக்கிற பொருளின் குறையைத் தானே முதலில் எழுதி வைக்கிறவரை நம்பலாம் என்று எனக்குப் பட்டது.

இப்போது என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். நம் ஊரில் தைரியத்துக்காக வேதத்தைத் திறக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு வசனத்தைத் தேடுகிறோம். முழு இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது, காலையில் போனில் வரும் வசனப் படம், சுவர்க் காலண்டர். இவற்றின்மேல் எனக்கு வெறுப்பில்லை, என் அம்மா வைத்திருந்த வசன அட்டைப் பெட்டி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. ஆனால் வசனம் மட்டும் தனியாக வந்தால் அது பிறந்த இடம் தெரியாது. எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! அதற்கு முந்தின வசனத்தை வாசித்தால் எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனில் சிறையிருப்பவர்களுக்கு எழுதின கடிதம் அது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணிக் கொடுங்கள், சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று சொல்லும் தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த வாக்குத்தத்தம் வருகிறது. அதைக் கேட்டவர்களில் வயதானவர்கள் திரும்பிப் போகவே மாட்டார்கள் என்று தெரிந்து வாசிக்கும்போது அந்த வசனம் சின்னதாகிவிடவில்லை, நம்மைத் தாங்கும் அளவுக்கு அதற்கு எடை கூடுகிறது. முழுக்க வாசிக்கிற பழக்கம் கொடுப்பது இதைத்தான். அட்டவணை நம் விருப்பத்தைக் கேட்காது. பிடித்த சங்கீதத்துக்குத் தாவ விடாது.

என் அனுபவம் ஒன்று. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் கடைசியில், மார்ச் தேதி போட்ட ஒரு பில்லில் சரக்கு வந்து சேர்ந்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். சரக்கு வரவில்லை. எல்லா வருடமும் நடப்பதுதான், போடுங்க, அடுத்த மாதம் வந்துடும் என்றார்கள். இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை, வீட்டுக் கடன் இருக்கிறது, மகன் படிப்பு இருக்கிறது. அந்த நாள்களில் குடும்பப் பத்தியில் ஓடிக்கொண்டிருந்தது எண்ணாகமம்: எந்தக் கோத்திரத்தில் எத்தனை பேர், யார் எந்தத் திசையில் கூடாரம் போடுவது. எனக்கென்று சொன்னதுபோல் ஒரு வசனமும் அதில் எழுந்து நிற்கவில்லை. ஆனால் மேஜைக்கு முன்னால் நின்றபோது நினைவுக்கு வந்தது ஜனவரியில் வாசித்த எஸ்தரும், அத்தை கேட்ட அந்தக் கேள்வியும். கரண்ட் போன நேரத்தில் மேல்தொட்டித் தண்ணீர் கைகொடுப்பதுபோல, மூன்று மாதம் முன்னால் ஏற்றி வைத்திருந்தது அன்றைக்கு இறங்கி வந்தது. "சரக்கு வந்த பிறகு போடறேன் சார்" என்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் பாராட்டவும் இல்லை. சில மாதத்தில் என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அந்த வருட இன்கிரிமென்ட்டும் எல்லாருக்கும் வந்தது போல் எனக்கு வரவில்லை. அந்தப் பேச்சு நடந்த சமயத்தில்தான் சங்கீதம் 37 வந்தது, "பொல்லாதவர்களைக்குறித்து எரிச்சலடையாதே" என்று தொடங்குவது. எரிச்சல் இருந்தது, அதனால் அந்தச் சங்கீதத்தை மட்டும் அந்த வாரம் திரும்பத் திரும்ப வாசித்தேன். இதைச் சொல்லக் காரணம், தினமும் வேதம் வாசித்தால் பிரச்சினை தீரும் என்று யாராவது இந்த அட்டவணையை எடுத்துவிடக் கூடாது. எனக்குக் கிடைத்தது, வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்கிற பலமும், அதற்கப்புறம் வருவதைத் தாங்குகிற பலமும். அது போதாது என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை.

சரி, குறைகள். முதலாவது, கனம் அதிகம். வேகமாக வாசிக்கிறவர்களுக்கே இருபது நிமிஷம் ஆகும், நின்று நிதானித்தால் அரை மணியைத் தாண்டும். காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிறவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கும் இது ரொம்பக் கஷ்டம். இரண்டாவது, விட்டுப்போனதைப் பிடிப்பதற்கு ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. 365 நாளும் பகுதி உண்டு. காய்ச்சலில் நாலு நாள் படுத்தால் பதினாறு அதிகாரம் சேர்ந்துவிடும். அப்போது விட்டதையெல்லாம் ஒரே மூச்சில் வாசித்துத் தள்ளாதீர்கள், அன்றைய தேதிக்கு வந்துவிடுங்கள், விட்டது அடுத்த வருடம் வரும். கட்டங்களில் டிக் போடுவதற்காக வாசிப்பது, அவரே எச்சரித்த அந்தச் சடங்காகிவிடும். மூன்றாவது, நாலு இடத்திலிருந்து வாசிப்பதால் ஒரே புத்தகத்தில் மூழ்கிப் படிக்க விரும்புகிறவர்களுக்கு இது துண்டு துண்டாகத் தெரியும். ரோமருக்கு எழுதின நிருபத்தை ஒரு நாளைக்கு ஒரு அதிகாரமாக, நடுவில் மூன்று வேறு கதைகளோடு வாசிக்கும்போது வாதத்தின் நூல் விட்டுப்போகிறது, எனக்கே அந்த இடத்தில் திருப்தியில்லை.

லேவியராகமத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள், ஏனென்றால் ஆதியாகமத்திலிருந்து நேராக வாசிக்கிறவர்கள் பாதிப்பேர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். இங்கே அது மார்ச் முடிவில் தொடங்கி ஏப்ரலில் பெரும்பகுதி வருகிறது, ஆனால் பக்கத்துப் பத்தியில் அதே ஏப்ரலில் சங்கீதங்கள் தொடங்குகின்றன. பலி முறைகளையும் குஷ்டரோகச் சட்டங்களையும் வாசித்துவிட்டு, மூச்சு வாங்க ஒரு சங்கீதம். நவம்பர் நடுவில் நாளாகமத்தின் பெயர்ப் பட்டியல் வரும், அதுதான் உண்மையான சோதனை. நவம்பர் 16இல் 1 நாளாகமம் 7, 8, இரண்டும் கிட்டத்தட்ட முழுக்கப் பெயர்கள். சத்தமாக வாசிக்கவே நாக்கு சுளுக்கும். ஆனால் அன்றைய இரண்டாவது பத்தி எபிரெயர் 11, விசுவாசத்தினாலே ஆபேல், விசுவாசத்தினாலே நோவா, விசுவாசத்தினாலே ஆபிரகாம் என்று போவது. கதை தெரிந்த சிலரும் பெயர் மட்டும் மிஞ்சின பலரும் ஒரே நாளில் பக்கத்தில் நிற்கிறார்கள். இந்தப் பெயர்களை ஏன் எழுதி வைத்தார்கள் என்று மகன் கேட்டான், அவங்களும் தங்கள் காலத்தில் நம்பிக்கையோடு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவங்கதானே என்றார்கள் அத்தை.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். புதிதாக வேதம் வாசிக்கத் தொடங்குகிறவர்கள், மனசு ரொம்பச் சோர்ந்திருக்கிறவர்கள் இதைத் தொட வேண்டாம். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள், திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் முடியும், சனியும் ஞாயிறும் விட்டதைப் பிடிக்கலாம். அது போதும். நடுத்தரமாக ஒரு வழி, இதே அட்டவணையை இரண்டு வருடமாக்குவது: முதல் வருடம் முதல் இரண்டு பத்தி, அடுத்த வருடம் மற்ற இரண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன், பத்து பன்னிரண்டு நிமிஷத்தில் முடிகிறது. கத்தோலிக்க நண்பர்கள் கவனிக்க வேண்டியது, இது 66 புத்தகங்களுக்குப் போட்டது, திருவிவிலியத்தில் உள்ள தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்ற நூல்கள் இதில் வராது, அவற்றைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை, அந்த அரையை நான் பிடித்துக்கொள்வது விட்டுப்போனதைப் பிடிக்க நாள் வைக்காததற்காக.

தொடங்க ஜனவரி வரைக்கும் காத்திருக்காதீர்கள். இன்றைய தேதி என்னவோ அதைப் பார்த்து அந்தப் பகுதியிலிருந்தே வாசியுங்கள், ஜூன் கடைசியில் தொடங்கினால் யோசுவா 1ம் "பலங்கொண்டு திடமனதாயிரு" என்ற அந்தக் கட்டளையும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே வரும், அதே நாளில் சங்கீதம் 121ம் சேர்ந்து வரும். அட்டவணையைத் தமிழில் டைப் செய்கிறவர்கள் 119ஆம் சங்கீதம், லூக்கா 1 போன்ற இடங்களில் கவனமாக இருங்கள், அவற்றை வசன எண்களாகப் பிரித்து ஒன்றுக்கு மேற்பட்ட நாளுக்குக் கொடுத்திருக்கிறார், அதிகார எண்ணை மட்டும் எழுதினால் குழப்பம் வரும்.